பின்னறை வரைக்கும் ஒயர்

ஹெர்னி லுக்குமியைப் பற்றி எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் நல்லதாகத்தான் சொல்வார்கள். நான் மட்டும் கொஞ்சம் திட்டியும் சொல்வேன். எனக்கு அந்த உரிமை உண்டு. அவர் மகள் லெய்டாவுக்கு ஞானஸ்நானம் கொடுத்தபோது குழந்தையைக் கையில் ஏந்தி நின்றவள் நான். அன்றிலிருந்து அவர் எனக்குக் கொம்பாத்ரே, நான் அவருக்குக் கொமாத்ரே. கொலம்பியாவின் காலி நகரத்தில் இந்த உறவு கூடப்பிறந்த உறவைவிடக் கெட்டி. கூடப்பிறந்தவனிடம் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்துவிடலாம். கொம்பாத்ரேயிடம் அது நடக்காது.

தெருமுனையில் பஞ்சர் கடை வைத்திருக்கிறார். பசிபிக் கரைத் துறைமுகத்திலிருந்து வாலிப வயதில் வந்தவர், வந்த நாளிலிருந்து அதே முனை, அதே டயர். அவசரம் என்றால் என்னவென்றே தெரியாத மனுஷன். லாரிக்காரன் ஹாரன் அடித்துக்கொண்டே நின்றாலும் இவர் டியூபைத் தண்ணீரில் அமுக்கி, குமிழி எங்கே வருகிறது என்று நிதானமாகப் பார்த்துக்கொண்டிருப்பார். இந்த மனுஷனுக்கு இருந்தது ஒரே பைத்தியம். பாட்டு. மூடப்போகிற மதுக்கடை ஒன்றிலிருந்து ஆம்ப்ளிஃபையரை வாங்கினார். அதற்கு ஸ்பீக்கர் வாங்க வருஷக்கணக்கில் காத்திருந்தார். ஒரு பல் டாக்டர் வீட்டைக் காலி செய்தபோது இடுப்பளவு உயரத்தில் மரப்பெட்டி ஸ்பீக்கர்கள் இரண்டு கிடைத்தன. அவற்றை டயர் தள்ளுகிற வண்டியில் வைத்து, ஊர் முழுக்கத் தள்ளிக்கொண்டு வந்தார். நான் வாசலில் விற்பதற்காகக் கறி அடைத்த எம்பனாடா பொரித்துக்கொண்டிருந்தேன். சிரித்த சிரிப்பில் எண்ணெய் கருகிப்போனது.

இத்தனையும் எதற்கு? எங்கள் தெருவுக்கு ஒரு வழக்கம் உண்டு. டிசம்பர் திருவிழா வாரத்தில் ஒரு நாள் தெருவை இரு முனையிலும் அடைத்துவிடுவோம். அன்றைக்கு ஒரு வீடு மட்டும் பாட்டுப் போடும். வருஷத்துக்கு ஒரு வீடு என்று முறை. முறை வந்த வீட்டுக்காரர் கதவைத் திறந்துபோட்டு, ஸ்பீக்கரைத் தெருவைப் பார்த்து வைக்க வேண்டும். மற்றவர்கள் தங்கள் வீட்டு இசைத்தட்டை ஆளுக்கொன்று கொண்டுவந்து அவர் கையில் கொடுப்பார்கள். வீட்டுக்குள் பார்த்து ஸ்பீக்கரை வைக்கிறவனை எங்கள் தெருவில் கஞ்சன் என்றுதான் சொல்வோம். ஹெர்னி வீட்டு முறை அந்த வருஷம்தான் வந்தது.

அதே வருஷம் ஆகஸ்டில் மெல்பாவுக்குப் பக்கவாதம் வந்தது.

மெல்பா அவர் மனைவி. சலவைக்கடையில் இஸ்திரி போட்டவள், வெள்ளிக்கிழமை தோறும் ஆடியவள். பேச ஆரம்பித்தால் எதிராளி மூச்சு விடக்கூட இடம் கொடுக்க மாட்டாள். அப்படிப்பட்டவளுக்கு வலது கை, வலது கால், வாய் மூன்றும் ஒரே காலையில் போயின. காது நன்றாகக் கேட்டது, நாம் சொல்வதும் புரிந்தது. வார்த்தைதான் வரவில்லை. உதட்டைக் கூட்டுவாள், தொண்டை நரம்பு புடைக்கும், காற்றுதான் வரும். அப்புறம் கண்ணீர் வரும். அதைப் பார்க்க எனக்குத் தாங்காது. வெளியே வந்து யாரையாவது திட்டுவேன்.

பேச்சு இல்லாததால் மெல்பா எல்லாவற்றுக்கும் தலையாட்டினாள். வம்பே அதில்தான் வந்தது.

லெய்டா தலைநகர் பொகோத்தாவில் வேலை பார்க்கிறாள். அங்கே பேச்சுப் பயிற்சி கொடுக்கிற நல்ல இடம் ஒன்றில் அம்மாவுக்குக் கேட்டு வைத்திருந்தாள். ஜனவரியில் சேர்த்தாக வேண்டும், இல்லையென்றால் இடம் போய்விடும். குறைந்தது ஒரு வருஷம் அங்கேயே இருக்க வேண்டும். டிசம்பர் விடுமுறைக்கு வந்தவள் வந்ததும் வராததுமாக, "அம்மாவைக் கேட்டுட்டேன், வர்றேன்னு தலையாட்டிட்டாங்க," என்றாள்.

"என்னையும்தான் பார்த்துத் தலையாட்டினா," என்றார் ஹெர்னி. "இங்கேயே இருக்கியான்னு கேட்டேன். ஆமான்னு ஆட்டினா."

"அப்பா, நீங்க கேக்கற விதத்துல கேட்டா யாருதான் இல்லைன்னு ஆட்டுவாங்க?"

"நீ கேட்ட விதம் மட்டும் என்னவாம்?"

"நிறுத்துங்க ரெண்டு பேரும்!" என்றேன் நான். "போப்பாண்டவரா ஆகறியான்னு நான் கேட்டாலும் தலையாட்டுவா. அந்தத் தலையாட்டலை வெச்சு அவ தலையெழுத்தை எழுதாதீங்க."

ஹெர்னி டயர் நெம்புகிற இரும்பைக் கீழே வைத்தார். "அவ வாயால ஒரு வார்த்தை சொல்லட்டும், லெய்டா. போறேன்னா போறேன். இருக்கேன்னா இருக்கேன். அது வரைக்கும் தெரியாத ஜனங்க நடுவுல கொண்டுபோய் என்னால விட முடியாது."

"வார்த்தை வரணும்னுதானேப்பா அங்க கூட்டிட்டுப் போறேன்னு சொல்றேன்," என்று லெய்டா அழுதாள்.

இரண்டு பேர் சொல்வதும் நியாயம். நியாயம் இரண்டு பக்கமும் இருக்கிற சண்டையைப் போல எரிச்சலூட்டுகிற சண்டை உலகத்தில் இல்லை. இதற்கு நடுவே தெருப்பாட்டு நாள் வேறு நெருங்கியது. முறையை விட்டுக்கொடுக்கச் சொல்லிப் பலர் சொன்னார்கள். ஹெர்னி மாட்டேன் என்றார். அந்த நாளுக்காக மெல்பாவும்தான் இத்தனை வருஷம் காத்திருந்தாள். சக்கர நாற்காலியில் வாசலுக்குத் தள்ளிக்கொண்டு வரலாம் என்றால், அவள் இடது கையால் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். விடவே இல்லை. கோணிப்போன வாயோடு தெருவில் உட்கார அவளுக்கு மனசில்லை. அதற்கு மட்டும் தலையாட்டவில்லை, கவனித்தீர்களா?

அவள் படுத்திருந்தது முற்றத்தைத் தாண்டிப் பின்னறையில். வாசலில் பாட்டுப் போட்டால் அங்கே தொம் தொம் என்று சுவர் அதிர்வது மட்டும்தான் தெரியும். ஹெர்னி இரண்டு நாள் யோசித்துவிட்டு வந்தார்.

"கொமாத்ரே, ஸ்பீக்கர் ரெண்டு இருக்கு. ஒண்ணு தெருவுக்கு. ஒண்ணு அவளுக்கு."

"சரி."

"ஒயர்தான் வேணும். நீளமா. வாங்க, டவுனுக்குப் போயிட்டு வரலாம்."

ரேடியோக் கடைகள் வரிசையாக இருக்கிற தெருவில் யமிலே என்கிற பெண்ணின் கடைக்குப் போனோம். கண்ணாடி அலமாரியில், வெல்வெட் துணிமேல், கட்டைவிரல் பருமனில் ஒரு ஒயர் பாம்பு மாதிரி சுருண்டு கிடந்தது. முனையில் தங்கப் பூச்சு. சத்தம் எந்தத் திசையில் போக வேண்டும் என்று மேலே அம்புக்குறி வேறு போட்டிருந்தது. ஹெர்னி அதன் முன்னால் நின்றவர் நகரவில்லை. விலையைக் கேட்டார். ஒரு மீட்டருக்கு யமிலே சொன்ன தொகைக்கு நான் ஒரு வாரம் எம்பனாடா பொரிக்க வேண்டும்.

"இதையே எடுத்துக்கலாம்," என்றார்.

"உங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா?"

"மெல்பாவுக்குன்னு வாங்கறது, கொமாத்ரே. மட்டமா வாங்கக் கூடாது."

"அவளென்ன அதைக் கழுத்துல மாட்டிக்கவா போறா? பாட்டுதானே கேக்கப் போறா! கையில என்ன இருக்கு, எடுங்க பார்ப்போம்."

கையில் இருந்தது இரண்டு லாரி டயர் மாற்றிய கூலி. யமிலே சிரிப்பை அடக்கிக்கொண்டு, மரியாதைக்கு ஒரு 'தோன்' சேர்த்துக் கேட்டாள்: "எங்கேருந்து எங்க போகணும், தோன் ஹெர்னி?"

"வாசல் ஹாலிலேருந்து பின்னறைக்கு. தரையில போட்டா அவ நாற்காலிச் சக்கரம் மாட்டிக்கும். அதனால கதவு நிலைக்கு மேல ஏத்தி இறக்கணும். இருபது மீட்டர் ஆகும்."

"அப்போ நீங்க பார்க்க வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான். உள்ள இருக்கற செம்பு எவ்வளவு தடி? இவ்வளவு தூரத்துக்கு மெல்லிசு ஒயர் போட்டா சத்தம் வழியிலேயே சோர்ந்துடும், கீழ்ச் சத்தம் கொழகொழன்னு ஆயிடும். தடியா இருந்தாப் போதும். தங்க முனையெல்லாம் அலமாரிக்கு அழகு."

"அப்புறம் எதுக்கடி அதை வெல்வெட்ல வெச்சிருக்கே?" என்றேன்.

"வாங்கறவங்க இருக்காங்களே, தோன்யா ஃபபியோலா. எனக்கும் வாடகை குடுக்கணும்ல?"

அவள்மேல் எனக்கு அப்போதே பிரியம் வந்துவிட்டது. உள்ளேயிருந்து இரண்டு சுருள்கள் கொண்டுவந்தாள். இரண்டும் ஒரே பருமன், பார்வைக்கு ஒரே நிறம். ஆனால் ஒன்று மற்றதில் பாதி விலை. நான் பாதி விலைக்குக் கை நீட்டினேன். ஹெர்னி கத்தியை எடுத்து நுனியில் லேசாகச் சுரண்டினார். மேலே சிவப்பு, உள்ளே வெள்ளை.

"அலுமினியம், மேல செம்புப் பூச்சு," என்று யமிலேயே ஒப்புக்கொண்டாள். "பக்கத்துல இருந்தா அதுவும் பாடும். இருபது மீட்டருக்கு நான் சொல்ல மாட்டேன். நிஜச் செம்பை எடுத்துக்கங்க."

எடுத்துக்கொண்டார். அதோடு முடிந்திருக்கலாம். ஆனால் மதுக்கடையில் எவனோ சொல்லியிருக்கிறான், இரண்டு ஸ்பீக்கருக்கும் ஒயர் ஒரே நீளம் இருந்தாக வேண்டுமாம், இல்லையென்றால் ஒரு பக்கத்துப் பாட்டு பிந்தி வருமாம். ஆகவே முன்பக்கத்துக்கும் இருபது மீட்டர் வேண்டும் என்றார். பக்கத்திலேயே இருக்கிற ஸ்பீக்கருக்கு! யமிலே நெற்றியில் அடித்துக்கொள்ளாத குறையாக, "அந்த வித்தியாசம் மனுஷக் காதுக்குப் பிடிபடாது. வீட்டுல இருக்கற பழைய துண்டையே முன்னால போடுங்க," என்றாள். எனக்குக் காசு மிச்சம். அவருக்குத்தான் முகம் வாடிவிட்டது. இன்னும் கொஞ்சம் செலவு செய்திருந்தால் மனசு ஆறியிருக்கும் போல.

மறுநாள் ஏணி போட்டு ஏறினார். ஹாலின் மேல் ஓரம், கதவு நிலை, முற்றத்துச் சுவர் என்று ஜாண் ஜாணாக ஆணி அடித்து ஒயரை இழுத்தார். லெய்டா கீழே நின்று பார்த்தாள்.

"அம்மா ஜனவரியில இங்க இருக்கப் போறதில்ல. எதுக்குப்பா இத்தனை ஆணி?"

"அதுக்குத்தான்," என்றார், வாயில் ஆணியோடு.

சிவப்பு முனையைச் சிவப்பில், கறுப்பைக் கறுப்பில் மாட்டினார். பழைய பொலேரோக் காதல் பாட்டுத் தட்டு ஒன்றைப் போட்டுச் சோதித்தார். முன்னால் ஓடிக் கேட்டார், பின்னால் ஓடிக் கேட்டார். இரண்டு பக்கமும் ஒன்றுபோலப் பாடியது. மெல்பாவின் இடது பாதம் போர்வைக்குள் தாளம் போட்டது. ஹெர்னிக்குத் தலைகால் புரியவில்லை. என்னிடம் வந்து மூன்று எம்பனாடா தின்றுவிட்டுக் காசு கொடுக்காமலே போய்விட்டார்.

அவருக்கு ஒன்று மட்டும் தோன்றவில்லை. எங்கள் யாருக்குமே தோன்றவில்லை. அந்தப் பொலேரோ மிகப் பழைய பதிவு. அதில் எல்லாக் குரலும் இரண்டு ஸ்பீக்கரிலும் வரும். அதற்குப் பிந்திய தட்டுகள் அப்படியில்லை. பாடகரை ஒரு பக்கமும் கூட்டுக்குரலை மறுபக்கமும் பிரித்து வைத்திருப்பார்கள். இரண்டு ஸ்பீக்கரையும் சேர்த்து வைத்துத் தெருவுக்குப் பாட்டுப் போட்டே பழகிய ஜனங்கள் நாங்கள். ஒன்றை இங்கும் ஒன்றை அங்கும் வைத்தால் பாட்டே இரண்டாகப் போகும் என்று எங்களுக்கு எப்படித் தெரியும்?

அந்த நாள் வந்தது. மதியம் சாய்ந்ததும் தெருவின் இரு முனையிலும் ஹெர்னியின் டயர்களை அடுக்கி வழியை அடைத்தோம். பிளாஸ்டிக் நாற்காலிகள் வந்தன. தபால்காரர் ஓவிதியோ ஒரு தட்டைச் சட்டைக்குள் வைத்து, வெயில் படாமல் கொண்டுவந்தார். எங்கள் எல்லாருக்கும் தெரிந்த பாட்டு அது. பாடகர் ஒரு வரி எடுத்துவிடுவார், கூட்டுக்குரல் மறுபடி மறுபடி ஒரே கேள்வியைக் கேட்கும்: "எங்க போற, பொண்ணே, எங்க போற?" அவர் சந்தைக்கு என்பார், அடுத்து ஆற்றுக்கு என்பார், அடுத்து வாயில் வந்ததை. பாட்டு நீளுகிற வரைக்கும் இப்படியே போகும்.

வாசல் ஸ்பீக்கரில் பாடகர் கணீரென்று பாடினார். கேள்வி வர வேண்டிய இடத்தில் தெருவே எழுந்து நின்று கேள்வியைப் பாடியது. வழக்கமும் அதுதான். கூட்டுக்குரலை ரெக்கார்டில் கேட்கிற பழக்கம் எங்களுக்குக் கிடையாது, நாங்களே பாடிவிடுவோம். ஆகவே அது ரெக்கார்டில் இல்லவே இல்லை என்பதை ஒரு ஆள்கூடக் கவனிக்கவில்லை.

நான் மெல்பாவுக்குக் குளிர்ந்த சாம்பூஸ் ஒரு கிண்ணம் எடுத்துக்கொண்டு உள்ளே போனேன். மக்காச்சோளமும் லூலோப் பழமும் போட்ட அந்தப் பானம் அவளுக்கு உயிர். முற்றத்தைத் தாண்டும்போதே பாட்டு வேறு மாதிரிக் கேட்டது. பாடகர் இல்லை. பறையும் கூட்டுக்குரலும் மட்டும். எங்க போற, பொண்ணே, எங்க போற? அப்புறம் வெற்று இடம். மறுபடி கேள்வி. சனியன், ஒயரில் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். பின்னறை வாசலில் லெய்டா கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள்.

மெல்பா கண்ணை மூடியிருந்தாள். இடது கை கட்டில் கம்பியில் தாளம் போட்டது. கூட்டுக்குரல் கேள்வி கேட்டது. அந்த வெற்று இடத்தில், கரகரவென்று, துருப்பிடித்த கீல் மாதிரி ஒரு குரல்:

"சந்தைக்குப் போறேன்."

கடவுளே! சாம்பூஸ் கிண்ணத்தை அப்படியே தரையில் வைத்தேன். கூட்டுக்குரல் மறுபடி கேட்டது. "ஆத்துக்குப் போறேன்," என்று மெல்பா பாடினாள். பேச்சு இல்லை, பாட்டு. வார்த்தை ஒவ்வொன்றும் முழுசாக, ராகத்தின் மேல் ஏறி வந்தது.

வாசலுக்கு ஓடினேன். ஹெர்னி இசைத்தட்டுப் பெட்டிக்குப் பக்கத்தில் பூசைக்கு நிற்கிற பாதிரியார் மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

"கொம்பாத்ரே, உள்ள வாங்க!"

"தட்டு ஓடுதே. யார் பார்த்துக்கறது?"

"ஓடித் தொலையட்டும்! மெல்பா பாடறா!"

நடந்தது எப்படி என்று தெரியவில்லை, அடுத்த நொடி அவர் பின்னறையில் நின்றார். அவசரமே தெரியாத மனுஷன் ஓடியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆனால் பாருங்கள், உள்ளே நுழைந்ததும் அந்தப் பாழாய்ப்போன காது முதலில் ஸ்பீக்கரைத்தான் கவனித்தது. "பாட்டுக்காரர் குரல் எங்க? ஐயோ, பாதிதான் வருது. தப்புப் பண்ணிட்டேன், அவளுக்குப் பாதிப் பாட்டைக் குடுத்துட்டேன்," என்று சரிசெய்யத் திரும்பினார். அவர் இடுப்பு பெல்ட்டைப் பிடித்து இழுத்தேன்.

"எதையாவது தொட்டீங்க, கையை முறிச்சுடுவேன்."

கூட்டுக்குரல் கேட்டது. எங்க போற, பொண்ணே, எங்க போற?

மெல்பா கண்ணைத் திறந்தாள். அவரைப் பார்த்தாள். ரெக்கார்டில் அந்த இடத்தில் பாடகர் என்ன பாடுவார் என்று தெருவில் குழந்தைக்குக்கூடத் தெரியும். அவள் அதைப் பாடவில்லை.

"பொகோத்தா போறேன்."

கேள்வி மறுபடி வந்தது.

"பேசப் போறேன்," என்று மெல்பா பாடினாள். "பேசப் போறேன்."

அதோடு பறை தேய்ந்து, தட்டு முடிந்தது. வெளியே கைதட்டினார்கள். ஹெர்னி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். "மெல்பா, நீயாத்தான் சொன்னியா? நிஜமாவே போறியா?" என்று கேட்டார். அவள் உதட்டைக் கூட்டினாள். நரம்பு புடைத்தது. காற்றுதான் வந்தது. அப்புறம் தலையாட்டினாள். அந்தத் தலையாட்டலை என்ன செய்வது? அவர் என்னைப் பார்த்தார், லெய்டாவைப் பார்த்தார்.

அப்புறம் அந்த மனுஷன் பாடினார். இத்தனை வருஷத்தில் அவர் பாடி நான் கேட்டதில்லை. பாட்டுப் பைத்தியமே தவிர குரல் கழுதைக் குரல், அது அவருக்கே தெரியும். கட்டில் கம்பியில் தாளம் போட்டுக்கொண்டு, சுருதியே இல்லாமல், கூட்டுக்குரல் வரியை எடுத்தார்.

"எங்க போற, பொண்ணே, எங்க போற?"

"பொகோத்தா போறேன்," என்று வந்தது, உடனே.

அவர் மறுபடி கேட்டார். வேறு பதில் வரும் என்று நினைத்துத்தான் கேட்டார், எனக்குத் தெரியும். பதில் முன்னைவிடச் சத்தமாக, அதே பதிலாக வந்தது. ஹெர்னி மூன்றாவது முறை தாளத்தை விடாமல், வரியை மட்டும் மாற்றினார்.

"எப்ப வருவ, பொண்ணே, எப்ப வருவ?"

மெல்பா கொஞ்சம் தேடினாள். ஒரு தாளம் தவறியது. லெய்டா என் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

"பேசிட்டே வருவேன்."

வெளியே ஓவிதியோ அடுத்த தட்டுக்காகக் கத்திக்கொண்டிருந்தார். "யோவ் ஹெர்னி, செத்துட்டியா?" என்றுகூடக் கேட்டது. ஹெர்னி அந்த அழுக்குச் சட்டைக் கையால் மூக்கைத் துடைத்துக்கொண்டார். எழுந்து நின்று, மகளைப் பார்க்காமலே சொன்னார்:

"அங்க ரொம்பக் குளிரும். அம்மாவுக்கு நல்ல கம்பளியா வாங்கிடு."